லிண்டன் ஜான்சன் விட்டுப்போனவை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க அதிபர்களைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் லிண்டன் ஜான்சனைச் சுற்றி அதே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. உள்நாட்டில் இவ்வளவு செய்தவர் வியட்நாமில் போய் எப்படி மாட்டினார் என்பதே எல்லாவற்றுக்கும் அடியில் கிடக்கும் கேள்வி. கேட்டவர்கள் கேட்ட பாணியிலேயே கேள்விகளை வைத்திருக்கிறோம். ஒன்றுக்கொன்று தொடர்பு உள்ளதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

1. ஜான்சன்னா யாரு? கென்னடி செத்ததும் வந்தவர்தானே?

ஆமாம். 1963 நவம்பர் 22 அன்று டாலஸ் நகரில் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். துணை அதிபராக இருந்த ஜான்சன் அன்று பிற்பகலே, அந்த ஊர் விமான நிலையத்தில் நின்றிருந்த அதிபர் விமானத்துக்குள் பதவியேற்றார். அடுத்த ஆண்டுத் தேர்தலில் 61 சதவீத வாக்குகளோடு சொந்தமாக வென்று, 1969 ஜனவரி 20 வரை ஆண்டார்.

"அப்புறம் வந்தவர்" என்று ஒதுக்கினால் முக்கியமான விஷயம் விட்டுப்போகும். டெக்சாஸ்காரரான அவர் 1937 முதல் பிரதிநிதிகள் சபையிலும் 1949 முதல் செனட்டிலும் இருந்தவர். 1955 முதல் ஆறு ஆண்டுகள் செனட்டில் பெரும்பான்மைக் கட்சியின் தலைவர். எந்த உறுப்பினருக்கு எதில் பயம், எந்தக் குழுத் தலைவர் எதற்கு மசிவார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. வெளியுறவில் அந்த அளவு பழக்கம் கிடையாது. பின்னால் வரும் பாதிப் பதில்களுக்கு இந்த வித்தியாசம்தான் அடிப்படை.

2. ஒரு அதிபர் எதை விட்டுட்டுப் போனார்னு எப்படி முடிவு பண்றது? மக்கள்கிட்ட செல்வாக்கா இருந்தாரான்னா?

செல்வாக்கை வைத்துப் பார்த்தால் தப்பாகிவிடும். காலப் நிறுவனத்தின் கணிப்பில் ஜான்சனுக்கு ஆரம்ப மாதங்களில் 80 சதவீதத்தை ஒட்டிய ஆதரவு. 1968 ஆகஸ்டில் அது 35. இந்த இரண்டு எண்களில் எதை வைத்தும் இன்றைய அமெரிக்காவில் அவர் தடம் எங்கே இருக்கிறது என்று சொல்ல முடியாது.

நாங்கள் பார்ப்பது நாலு விஷயம். சட்டமாக ஏறியதா, வெறும் ஆணையாக நின்றதா? பணம் தானாக வருகிறதா, வருடா வருடம் கையேந்த வேண்டுமா? மீறினால் தண்டிக்க ஆள் உண்டா? அதைப் பிடுங்கினால் தெருவுக்கு வரும் கூட்டம் எவ்வளவு பெரியது? வெளியுறவு என்றால் ஐந்தாவதாக ஒன்றும் சேரும்: அவர் செய்ததைப் பார்த்துப் பயந்து, பின்னால் வந்தவர்கள் என்ன வேலி போட்டார்கள்?

3. சிவில் உரிமைச் சட்டம் கென்னடி கொண்டுவந்ததுதானே? இவருக்கு எதுக்குப் பெயர்?

கறுப்பினத்தவரிடம் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் அந்த மசோதா கென்னடியுடையது, 1963 ஜூனில் அனுப்பியது. அவர் இறந்தபோது அது பிரதிநிதிகள் சபையின் விதிகள் குழுவில் முடங்கிக் கிடந்தது. குழுத் தலைவர் வர்ஜீனியாவின் ஹோவர்ட் ஸ்மித், கறுப்பினத்தவரைப் பிரித்து வைக்கும் முறையை ஆதரித்தவர். அவர் விவாதத்துக்கே எடுக்கமாட்டார். குழுவைத் தாண்டி மசோதாவை இழுக்கப் பெரும்பான்மை உறுப்பினர்கள் கையெழுத்திட்ட மனு போதும். ஜான்சன் அந்த மனுவுக்குப் பின்னால் நின்று ஆள் ஆளாகத் தொலைபேசியில் பிடித்தார். கையெழுத்து ஏற ஏற ஸ்மித் இறங்கி வந்தார்.

அதைவிடச் சாமர்த்தியமான வேலை, மசோதாக்களை வரிசைப்படுத்தியது. அதே நேரத்தில் வரிக்குறைப்பு மசோதா ஒன்று செனட் நிதிக் குழுவில் இருந்தது. அதன் தலைவர் ஹாரி பேர்ட், பட்ஜெட் 10,000 கோடி டாலருக்குள் வராமல் விடமாட்டேன் என்றார். ஜான்சன் 9,790 கோடியில் கொண்டுவந்து கொடுத்தார். 1964 பிப்ரவரி 26 அன்று வரிச் சட்டத்தில் கையெழுத்து விழுந்தது. அதற்குப் பிறகுதான் சிவில் உரிமை செனட்டின் முன் வந்தது. இரண்டும் ஒன்றாக வந்திருந்தால், வரிச் சட்டம் வேண்டுமானால் சிவில் உரிமையைக் கைவிடு என்று தென்மாநில உறுப்பினர்கள் பேரம் பேசியிருப்பார்கள்.

செனட்டில் 60 வேலை நாட்கள் பேசிப் பேசியே இழுத்தடித்தார்கள். கடைசி இரவில் மேற்கு வர்ஜீனியாவின் ராபர்ட் பேர்ட் 14 மணி நேரத்துக்கு மேல் தனியாளாகப் பேசினார் (மேலே வந்த பேர்ட் வேறு ஆள், குழப்பிக்கொள்ள வேண்டாம்). விவாதத்தை முடிக்க அப்போது மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 67 வாக்கு தேவை. ஜூன் 10 அன்று கிடைத்தது 71. அதில் 27 எதிர்க்கட்சியான குடியரசுக் கட்சியினருடையவை. அவர்களுடைய தலைவர் எவரெட் டர்க்சனுக்கே முழுப் பெருமையையும் கொடுத்துவிடுங்கள் என்று ஜான்சன் தம் ஆட்களிடம் சொல்லி வைத்திருந்தார். கலிபோர்னியாவின் கிளேர் எங்கிளுக்கு மூளையில் கட்டி, பேச்சு போய்விட்டது. சக்கர நாற்காலியில் வந்தவர் பெயரைக் கூப்பிட்டதும் தன் கண்ணைத் தொட்டுக் காட்டினார். ஆங்கிலத்தில் கண்ணுக்கும் "ஆம்" வாக்குக்கும் உச்சரிப்பு ஒன்றே. வாக்கு பதிவானது. ஜூலை 2 அன்று சட்டம் ஆனது.

4. சட்டம் போட்டுட்டா தெற்குல உடனே கேட்டுட்டாங்களா?

சட்டத்தில் இருந்த பிரிவுகளைப் பொறுத்தது. உணவகம், விடுதி, திரையரங்கு பற்றிய இரண்டாம் தலைப்பு வேகமாக வேலை செய்தது. பள்ளி, மருத்துவமனைகளில் பல்லாகச் செயல்பட்டது ஆறாம் தலைப்பு: இனப்பாகுபாடு காட்டும் நிறுவனத்துக்கு மத்திய அரசின் பணம் கிடையாது. 1964-ல் இதைப் பலர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நிறுத்தி வைக்கிற அளவுக்கு அப்போது பணமே போகவில்லை.

1965-ல் மெடிகேர் வந்ததும் ஆட்டம் மாறியது. முதியோர் சிகிச்சைக்கான பணம் 1966 ஜூலை 1 முதல் மருத்துவமனைகளுக்குப் பாயப் போகிறது. வேண்டுமானால் கறுப்பருக்கு ஒரு வார்டு, வெள்ளையருக்கு ஒரு வார்டு என்ற ஏற்பாட்டை எடுத்தாக வேண்டும். ஆய்வாளர்கள் நேரில் போய் வார்டு வார்டாகப் படுக்கைகளைப் பார்த்தார்கள். தென்மாநிலங்களில் பல பத்தாண்டுகளாக அசையாதது சில மாதங்களில் பெருமளவு அசைந்தது. ஒரு சட்டத்தின் பல்லை இன்னொரு சட்டத்தின் பணம் கூர்மையாக்கிய இடம் இது. ஜான்சனின் உள்நாட்டு ஆட்சியில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் கற்க முடியும் என்றால், எங்கள் தேர்வு இதுதான்.

5. ஓட்டுரிமைச் சட்டம் தனியா எதுக்கு? முதல் சட்டத்துலயே சேர்த்திருக்கலாமே?

1964 சட்டத்திலும் வாக்குரிமை பற்றி ஒரு தலைப்பு உண்டு. ஆனால் ஒவ்வொரு மாவட்டமாக வழக்குப் போட வேண்டும். ஒரு வழக்கில் தோற்ற அதிகாரி மறுநாளே புதிதாக ஒரு எழுத்தறிவுத் தேர்வைக் கொண்டுவருவார். 1965 மார்ச் 7 அன்று அலபாமாவின் செல்மாவில் ஊர்வலம் போனவர்களைப் போலீஸ் அடித்து நொறுக்கியதைத் தொலைக்காட்சியில் நாடே பார்த்தது. எட்டாம் நாள் ஜான்சன் இரு அவைகளின் முன் பேசி, புதிய மசோதா கேட்டார். ஆகஸ்ட் 6 அன்று கையெழுத்து.

இந்தச் சட்டம் சுமையைத் திருப்பிப் போட்டது. 1964 நவம்பரில் எழுத்தறிவுத் தேர்வு போன்றவற்றை வைத்திருந்து, பதிவோ வாக்களிப்போ 50 சதவீதத்துக்குக் குறைவாக இருந்த பகுதிகள் இனி எந்தத் தேர்தல் விதியையும் மாற்றுவதற்கு முன்பே வாஷிங்டனில் அனுமதி வாங்க வேண்டும். மிசிசிப்பியில் கறுப்பின வாக்காளர் பதிவு 6.7 சதவீதத்திலிருந்து 1967-க்குள் 59.8 ஆனது. இந்தச் சட்டத்தின் இன்றைய நிலைக்கு 14-ஆம் பதிலைப் பாருங்கள்.

6. மெடிகேர், மெடிகெய்ட் ரெண்டும் ஒண்ணா?

இல்லை. இரண்டும் 1965 ஜூலை 30 அன்று ஒரே சட்டத்தில் வந்தன, அவ்வளவுதான். மெடிகேர் 65 வயது தாண்டியவர்களுக்கு. ஏழையா பணக்காரரா என்று பார்ப்பதில்லை. மருத்துவமனைச் செலவுக்குச் சம்பளத்தில் பிடிக்கும் வரி. டாக்டர் கட்டணத்துக்கு விருப்பப்பட்டுச் சேரும் தனிப் பிரிவு, ஆரம்பத்தில் மாதம் 3 டாலர். மெடிகெய்ட் வருமானம் குறைந்தவர்களுக்கு. மத்திய அரசும் மாநிலமும் சேர்ந்து செலவு செய்வது. அதனால்தான் அது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது.

7. "வறுமைக்கு எதிரான போர்" தோத்துப்போச்சுன்னுதானே எல்லாரும் சொல்றாங்க?

அந்தப் பெயர்தான் வினை. போர் என்று சொல்லிவிட்டால் வெற்றி, தோல்வி என்று இரண்டில் ஒன்றைக் கேட்பார்கள். அரசுக் கணக்குப்படி 1964-ல் 19 சதவீதமாக இருந்த வறுமை விகிதம் 1969-ல் 12.1. அதில் ஒரு பங்கு பொருளாதார வளர்ச்சிக்கும் முதியோர் ஓய்வூதிய உயர்வுக்கும் சேரும்.

அந்தப் பெயரில் வந்தவற்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஏழைக் குழந்தைகளுக்கான ஹெட் ஸ்டார்ட் முன்பள்ளிகள் இன்றும் நடக்கின்றன. உணவு முத்திரைத் திட்டம் பெயர் மாறி நடக்கிறது. ஹெட் ஸ்டார்ட் போன்றவற்றை நடத்தத் தொடங்கிய பொருளாதார வாய்ப்பு அலுவலகம் பத்தாண்டுக்கு மேல் அதிகம் தாங்கவில்லை. ஏழைகளே திட்டத்தை நடத்தட்டும் என்று அது நேராகப் பகுதி அமைப்புகளுக்குப் பணம் கொடுத்தது. பணம் தங்கள் கையைத் தாண்டிப் போவதைப் பார்த்த மேயர்கள் கொதித்தார்கள். அவர்களில் பலர் ஜான்சனின் சொந்தக் கட்சி. காப்பாற்ற ஆளில்லை.

8. 1965 குடிவரவுச் சட்டத்தாலதான் நம்ம ஆளுங்க அமெரிக்கா போனாங்களா?

கதவு திறந்தது அதனால்தான். 1946 முதல் இந்தியா முழுவதற்கும் ஆண்டுக்கு 100 இடம். 1965 அக்டோபர் 3 அன்று சுதந்திரதேவி சிலையின் அடியில் ஜான்சன் கையெழுத்திட்ட சட்டம் நாட்டுப் பூர்வீகப் பங்கீட்டை ஒழித்தது. அமெரிக்கக் கண்டங்களுக்கு வெளியே எந்த நாடானாலும் உச்சவரம்பு 20,000. குடும்ப உறவுக்கு முதலிடம், அடுத்துத் தொழில்திறன். தமிழ்நாட்டிலிருந்து போன முதல் தலைமுறை டாக்டர்களும் பொறியாளர்களும் பெரும்பாலும் இந்தத் தொழில்திறன் வழியில் போனவர்கள். எச்-1பி விசா இதில் வராது. அது 1990-ல் வந்தது.

இது புரட்சிகரமான மசோதா அல்ல என்று ஜான்சனே அன்று மேடையில் சொன்னார். அவர் நம்பியே சொன்னார். குடும்ப உறவை முன்னால் வைத்தால், ஏற்கெனவே இருக்கும் ஐரோப்பியர்களின் சொந்தங்கள்தான் வரும் என்பது பலரின் கணக்கு. ஐரோப்பியர் வருவது குறைந்தது. ஆசியர்கள் முதலில் படிப்பை வைத்து வந்து, பிறகு அண்ணன் தம்பியைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். பெரிய நாட்டுக்கும் சிறிய நாட்டுக்கும் ஒரே வரம்பு என்ற அதே எண்ணம்தான், பசுமை அட்டைக்கு இந்தியர்கள் இன்று வருடக்கணக்கில் வரிசையில் நிற்பதற்கும் வேர்.

9. வியட்நாம் போரை ஆரம்பிச்சது இவரா?

ஆரம்பித்தவர் இல்லை, அமெரிக்கப் போராக மாற்றியவர். அவர் வரும்போது அங்கே சுமார் 16,000 அமெரிக்க ராணுவ ஆலோசகர்கள் இருந்தார்கள். 1964 ஆகஸ்டில் டோன்கின் வளைகுடாவில் வட வியட்நாம் அமெரிக்கக் கப்பல்களை இருமுறை தாக்கியதாகச் சொல்லி, தேவையான நடவடிக்கை எடுக்கும் அதிகாரத்தைக் கேட்டார். பிரதிநிதிகள் சபையில் 416-க்கு 0, செனட்டில் 88-க்கு 2. ஆகஸ்ட் 4 அன்று நடந்ததாகச் சொன்ன இரண்டாவது தாக்குதல் நடக்கவே இல்லை என்பது பின்னால் உறுதியானது. 1965 மார்ச்சில் முதல் தரைப்படை இறங்கியது, அந்த ஆண்டு முடிவில் 1,84,000 பேர், 1968-ல் 5,36,000.

10. ஜெயிக்க முடியாதுன்னு தெரிஞ்சேவா அனுப்பினார்?

சந்தேகம் இருந்தது என்பதற்கு அவர் குரலே சாட்சி. தொலைபேசிப் பேச்சுகளை அவர் ரகசியமாகப் பதிவு செய்துவந்தார். 1964 மே 27 அன்று பாதுகாப்பு ஆலோசகர் மக்ஜார்ஜ் பண்டியிடம், இது சண்டை போடும் அளவுக்குத் தகுதியான இடமாகத் தோன்றவில்லை, ஆனால் வெளியேறவும் முடியாது போலிருக்கிறது என்கிறார்.

பிறகு ஏன்? சீனா கம்யூனிஸ்டுகள் கைக்குப் போனதற்காக அன்றைய அதிபர் ட்ரூமனை எதிர்க்கட்சி குதறியதை அவர் செனட்டராகப் பார்த்தவர். வியட்நாமையும் இழந்தால் தன் உள்நாட்டு மசோதாக்களைக் கிழித்துப்போடுவார்கள் என்று பயந்தார். ஆக, உள்நாட்டைக் காப்பாற்றத்தான் போரைக் கூட்டினார் என்று ஒரு வாதம் உண்டு. முழுக்க ஏற்க முடியாது. 61 சதவீதம் வாங்கி, இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வைத்திருந்த 1965 தொடக்கத்தில், வெளியேற அவருக்குக் கிடைத்த அளவு அரசியல் பலம் பின்னால் எவருக்கும் கிடைக்கவில்லை.

11. போர் ஒரு பக்கம், பள்ளிக்கூடம் ஆஸ்பத்திரி ஒரு பக்கம். ஒண்ணு இன்னொண்ணை எப்படிக் கெடுத்துச்சு?

பணத்தால். போர்ச் செலவு உச்சத்தில் ஆண்டுக்கு 2,500 கோடி டாலர். 7-ஆம் பதிலில் சொன்ன வறுமை அலுவலகத்துக்கு முதல் ஆண்டில் 100 கோடிகூட இல்லை. வரி போட்டால் போரின் விலை வெளியே தெரியும். போரா, திட்டங்களா என்று காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) கேட்கும். அதனால் 1965, 1966 இரண்டு ஆண்டும் பொது வரி உயர்வைத் தள்ளிப்போட்டார். விலைவாசி ஏறியது: 1964-ல் ஒரு சதவீதத்தைச் சற்றே தாண்டியிருந்த பணவீக்கம் 1968-ல் 4 சதவீதத்தைத் தாண்டியது.

1967-ல் கூடுதல் வரி கேட்டபோது, பிரதிநிதிகள் சபையின் வரிக் குழுத் தலைவர் வில்பர் மில்ஸ் முதலில் செலவைக் குறை என்று உட்கார்ந்துகொண்டார். 1968 ஜூனில் 10 சதவீதக் கூடுதல் வரி கிடைத்தது. கூடவே 600 கோடி டாலர் செலவு வெட்டும். ஹாரி பேர்டுக்குக் கணக்கைக் காட்டிக் காரியம் சாதித்த அதே ஆள், போரின் கணக்கை மறைக்கப் போய் மாட்டிக்கொண்டார்.

12. இந்தியாவுக்குக் கோதுமை தராம இழுத்தடிச்சாராமே, நிஜமா?

நிஜம். 1965-லும் 1966-லும் இந்தியாவில் மழை பொய்த்தது. பி.எல்.480 திட்டத்தில் வந்த அமெரிக்கக் கோதுமையை நம்பி நாடு இருந்தது. ஜான்சன் நீண்டகால ஒப்பந்தத்தை நிறுத்தி, கொஞ்சம் கொஞ்சமாக, தானே பார்த்து அனுமதிக்கும் முறைக்கு மாற்றினார். கப்பல் வந்தால்தான் ரேஷன் என்ற நிலை. இந்தியா விவசாயத்துக்குப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது சொன்ன காரணம். வியட்நாமைப் பற்றி இந்தியா பேசியதில் இருந்த எரிச்சல் சொல்லாத காரணம்.

அப்போது மத்திய உணவு, விவசாய அமைச்சர் பொள்ளாச்சிக்காரரான சி. சுப்பிரமணியம். 1965 நவம்பரில் ரோமில் அமெரிக்க விவசாய அமைச்சர் ஆர்வில் ஃப்ரீமனுடன் அவர் செய்த உடன்பாட்டில் இருந்த சீர்திருத்தங்கள், அவர் ஏற்கெனவே தில்லியில் போராடிக்கொண்டிருந்தவைதான். 1966-ல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் கோதுமை விதை வந்திறங்கியது. ஜான்சன் கொடுத்த நெருக்கடியால்தான் பசுமைப் புரட்சி வந்தது என்பது மிகை. ஆனால் சாப்பாட்டுக்கு இனி யாரிடமும் கையேந்தக் கூடாது என்ற வைராக்கியத்தை தில்லியில் ஊன்றியதில் அந்த நெருக்கடிக்குப் பங்கு உண்டு.

13. தென்மாநிலங்களை ஜனநாயகக் கட்சி இழந்தது இவராலதானா? அதனாலதான் 1968-ல நிக்கலையா?

இரண்டும் வேறு வேறு. தெற்கு 1950-களிலேயே நழுவத் தொடங்கியிருந்தது; குடியரசுக் கட்சியின் ஐசன்ஹோவர் அங்கே சில மாநிலங்களை வென்றார். 1964-ல் ஐந்து ஆழ்தெற்கு மாநிலங்கள் எதிர்க்கட்சியின் கோல்ட்வாட்டருக்குப் போனது சிவில் உரிமைச் சட்டத்தின் நேரடி விளைவு. பிறகும் 1976-ல் கார்ட்டர் பெரும்பாலான தென்மாநிலங்களை மீட்டார். ஜான்சன் வேகப்படுத்தினார் என்பதே சரி.

1968-க்குக் காரணம் போர். ஜனவரி இறுதியில் வியட்நாமில் கம்யூனிஸ்டுகள் தொடுத்த டெட் தாக்குதல். வெற்றி அருகில் என்ற பேச்சு பொய்த்தது. மார்ச் 12 அன்று நியூ ஹாம்ப்ஷயர் கட்சித் தேர்தலில் போர் எதிர்ப்பாளர் யூஜின் மெக்கார்த்தி 42 சதவீதம் வாங்கினார், ஜான்சனுக்கு 49. மார்ச் 31 இரவு, போட்டியிடமாட்டேன் என்று அறிவித்தார். 1955-லேயே மாரடைப்பு வந்தவர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சட்டப்படி நின்றிருக்கலாம்: கென்னடியின் மிச்சப் பதவிக்காலத்தில் அவர் ஆண்டது இரண்டு ஆண்டுக்கும் குறைவு.

14. சரி, இன்னைக்கு எது மிச்சம், எது போச்சு?

2-ஆம் பதிலில் சொன்ன அளவுகோலை வைத்துப் பாருங்கள். மெடிகேரில் கை வைக்க எந்தக் கட்சியும் அஞ்சுகிறது. பணம் தானாக வருகிறது, பயனாளிகள் எல்லாரும் வாக்காளர்கள். சிவில் உரிமைச் சட்டத்தின் வேலைவாய்ப்புத் தலைப்பு வளர்ந்துகூட இருக்கிறது. பெண்களையும் சேர்த்துப் "பாலினம்" என்ற சொல்லை அதில் நுழைத்தவர், 3-ஆம் பதிலில் மறித்து நின்ற அதே ஹோவர்ட் ஸ்மித். மசோதாவைக் கவிழ்க்கத்தான் என்று பலர் நினைத்தார்கள். அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் 2020-ல் உச்ச நீதிமன்றம் தன்பாலின ஈர்ப்பாளர்களுக்கும் திருநர்களுக்கும் வேலைப் பாதுகாப்பு உண்டு என்றது.

வாக்குரிமைச் சட்டத்தின் 50 சதவீதக் கணக்கு பழையது என்று 2013-ல் நீதிமன்றம் 5-க்கு 4 என்று அடித்தது. முன் அனுமதி முறை அத்தோடு செயலிழந்தது. காங்கிரஸ் புதுக் கணக்கு எழுதியிருந்தால் பிழைத்திருக்கும், எழுதவில்லை. அரசு ஒப்பந்ததாரர்கள் பாகுபாடின்றி ஆளெடுக்க முனைப்பான முயற்சி செய்ய வேண்டும் என்ற 1965-ன் 11246-ஆம் ஆணை கிட்டத்தட்ட அறுபது ஆண்டு நின்றது. 2025 ஜனவரியில் டிரம்ப் ஒரு கையெழுத்தில் ரத்து செய்தார். அதிபர் ஆணைக்கு ஆயுள் அடுத்த அதிபரின் பேனா வரைக்கும்தான்.

வெளியுறவில் 1967 விண்வெளி ஒப்பந்தமும், 1968-ல் கையெழுத்தான அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தமும் (இந்தியா இன்றுவரை சேரவில்லை) உயிரோடு இருக்கின்றன. அதைவிடப் பெரியது, அவர் விரும்பாமல் விட்டுப்போனது: டோன்கின் தீர்மானம் திரும்பப் பெறப்பட்டது, 1973-ல் நிக்சனின் மறுப்பையும் மீறி, படையை அனுப்பினால் 48 மணி நேரத்துக்குள் காங்கிரஸுக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற சட்டம் வந்தது, கட்டாய ராணுவச் சேர்ப்பு அதே ஆண்டு நின்றது.

15. வேற ஒரு அதிபரை இதே மாதிரி எடைபோடணும்னா எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

உரைகளிலிருந்து வேண்டாம். அவர் கையெழுத்திட்ட பெரிய சட்டங்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஐந்தாவது, இருபதாவது, ஐம்பதாவது ஆண்டில் ஒதுக்கிய பணத்தைப் பாருங்கள். ஆணைகளைத் தனியே வையுங்கள். ஒப்பந்தம் என்றால் செனட் மூன்றில் இரண்டு பங்கு வாக்கில் ஏற்றதா, அதிபர் தாமாகச் செய்துகொண்டதா என்று பாருங்கள். இரண்டாவது வகை 14-ல் சொன்ன ஆணை மாதிரிதான். உள்நாட்டையும் வெளியுறவையும் தனித்தனி மதிப்பெண் போட்டுக் கூட்டி வகுக்க வேண்டாம். பட்ஜெட் ஒன்றுதான், 11-ல் பார்த்ததுபோல ஒன்று மற்றொன்றின் பணத்தைத் தின்னும்.

ஆவணங்கள் திறக்கும்வரை அவசரப்படவும் வேண்டாம். 10-ஆம் பதிலில் சொன்ன ஒலிநாடாக்களைத் தான் இறந்து 50 ஆண்டுகள் திறக்கக் கூடாது என்று ஜான்சன் சொல்லியிருந்தார். அவர் இறந்தது 1973 ஜனவரி 22. ஆஸ்டின் நகரிலுள்ள அவருடைய நூலகம் 1993 முதலே வெளியிடத் தொடங்கியது. அதற்கு முன் எழுதிய மதிப்பீடுகளைப் படிக்கும்போது, எழுதியவர்களுக்கு அந்தக் குரல் கிடைக்கவில்லை என்பதைக் கணக்கில் வையுங்கள்.